வேண்டாத வீட்டுச் சாமானை விற்றுக் கடனைக் குறைப்பது எப்படி: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு வெண்கல உருளி கிடந்தது. ஆறு கிலோ இருக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்துவிட்டு 2,700 ரூபாய் சொன்னார். கொடுத்துவிடலாம் என்று வாயெடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் சாமான்களை மூட கீற்றுக் கொட்டகைக்கு ஓட, நாங்கள் உருளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். மூன்று வாரம் கழித்து அதே உருளி 7,000 ரூபாய்க்குப் போனது. வாங்கியவர் நெம்மாறைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். வாசலில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிட உருளி தேடிக்கொண்டிருந்தாராம்.

அந்த மழை பெய்திருக்காவிட்டால் 4,300 ரூபாய் போயிருக்கும். வீட்டுச் சாமானை விற்கிறவர்கள் நஷ்டப்படுவது பேரம் பேசத் தெரியாததால் அல்ல, பொருளைத் தப்பான வாசலுக்குக் கொண்டுபோவதால்தான். எந்தப் பொருளை எந்த வாசலுக்குக் கொண்டுபோவது, வந்த பணம் வீட்டுச் செலவில் கரையாமல் கடனுக்கே போய்ச் சேர என்ன செய்வது என்ற இரண்டைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், துணி எடுக்கப் பொள்ளாச்சி, ஆஸ்பத்திரிக்குப் பாலக்காடு என்று ஓடுகிற வாழ்க்கை. இப்படி இரண்டு ஊர்ச் சந்தைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது விற்கிறவருக்கு நல்லது. அதிலேயே சில சிக்கல்களும் உண்டு.

முதலில் கடனை ஒரு தாளில் எழுதுங்கள்

சாமானைத் தொடுவதற்கு முன் இது. யாரிடம், எவ்வளவு, மாதம் என்ன வட்டி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். எங்கள் தாள் இப்படி இருந்தது. தெரிந்தவரிடம் வாங்கிய கைக்கடன் 60,000, மூன்று வட்டி. கிரெடிட் கார்டில் 38,000. வங்கியில் நகையை வைத்து வாங்கியது 90,000. மளிகைக் கடைப் பாக்கி 7,400. மொத்தம் 1,95,400.

தொகையைப் பார்த்தால் நகைக்கடன்தான் பெரிய பூதமாகத் தெரியும். வட்டியை எழுதியதும் கதை மாறிவிட்டது. நகைக்கடனுக்கு வருடம் 9 சதவீதம், அதாவது மாதம் 675 ரூபாய். கைக்கடனுக்கு நூற்றுக்கு மூன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்குப் போட்டால் 36 சதவீதம். மாதம் 1,800 ரூபாய் வட்டியாகவே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 38,000-க்கு மாதம் 1,570 ரூபாய் வந்தது. மளிகைக் கடைக்கு வட்டி கிடையாது. தினம் அந்தப் பக்கம் நடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்க வேண்டும். எங்களுக்கு அது கார்டு. அப்புறம் கைக்கடன். நகைக்கடன் கடைசியில். சிலர் சின்னக் கடனை முதலில் முடித்தால் மனதுக்குத் தெம்பு என்பார்கள். தெம்பு வரும்தான். ஆனால் வட்டியில்லாத மளிகைப் பாக்கிக்கு 7,400 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கார்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைக்காரரிடம் நேராகப் போய், "அண்ணா, மாசம் ஆயிரம் தர்றேனுங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

தினவட்டி, மீட்டர் வட்டி, இந்தப் பக்கம் "பிளேடு" என்று சொல்கிற வட்டி, இவை இருந்தால் வேறு எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான். கேரளத்தில் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தப்பு. 2012-இல் அதீத வட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்தது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் உருளியை விற்றுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், போலீசுக்குப் போங்கள்.

எதை விற்கலாம், எதைத் தொடக் கூடாது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், பரண், கட்டிலடி, மாட்டுக்கொட்டகை, மாடிப்படிக்குக் கீழ் என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி: இது போனால் ஆறு மாதத்துக்குள் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டிவருமா? வராது என்றால் சாக்பீஸால் ஒரு கோடு.

சம்பாதித்துக் கொடுக்கிற பொருளைத் தொடாதீர்கள். என் தையல் மெஷினுக்கு அந்த வாரமே ஆள் வந்து 5,000 கேட்டார். ஜாக்கெட் தைத்து மாதம் அதற்குக் கொஞ்சம் குறைவாக வந்துகொண்டிருந்தது. கொடுத்திருந்தால் மடத்தனம். கறவை மாடு, ஏணி, மரம் ஏறுகிறவரின் கருவிகள், பிள்ளை படிக்கிற போன், இவையும் அப்படித்தான்.

இ.எம்.ஐ. முடியாத டிவி, ஃபிரிட்ஜ், வண்டியை விற்கக் கூடாது. தவணை முடியும்வரை கடன் கொடுத்தவருக்கும் அதில் உரிமை உண்டு. தமிழ்நாட்டு அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மடிக்கணினி எல்லைத் தாண்டி உறவுக்காரர் வழியாக இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அதையும் விற்பனைக்கு வைக்க வேண்டாம்.

கேஸ் சிலிண்டரும் விற்கிற பொருள் அல்ல. இரண்டாவது சிலிண்டர் சும்மா இருந்தால் ஏஜென்சியில் ஒப்படைத்து, நீங்கள் இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம். அன்று கொடுத்த வவுச்சரில் தொகை எழுதியிருக்கும். தொகை சின்னதுதான், ஆனாலும் சும்மா கிடக்கிற காசு.

பழைய வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் மான் கொம்பு, யானைத் தந்தத்தில் செய்த பிடி, சின்னப் பொம்மை இருந்தால், யார் எவ்வளவு கொடுக்கிறேன் என்றாலும் விற்க நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நூறு வருடம் தாண்டிய விக்கிரகம் போன்றவற்றுக்குத் தொல்பொருள் சட்டம் தனியாக இருக்கிறது. அந்த மாதிரி எதுவும் கையில் இருந்தால் தொல்லியல் துறையில் கேட்காமல் ஆளைக் கூப்பிடாதீர்கள். "பழைய இரண்டு ரூபாய் நாணயத்துக்கு லட்ச ரூபாய்" என்று வருகிற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. முதலில் பதிவுக் கட்டணம் என்று உங்களிடம்தான் பிடுங்குவார்கள்.

இன்னொன்று, பொருள் யாருடையது என்று பாருங்கள். எங்கள் வீட்டு இரண்டு பித்தளை அண்டாவும் என் மாமியாருக்குச் சீராக வந்தவை. வாயோரத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, "அத்தை, அந்த அண்டாவை..." என்று இழுத்தேன். "கொண்டுபோய்க் குடு சாமி, அதை இனி யாரு புளி போட்டுத் தேய்க்கிறது" என்றார். கேட்காமல் விற்றிருந்தால் அந்தப் பேச்சு பத்து வருடம் ஓடியிருக்கும்.

எந்தப் பொருள் எந்த வாசலுக்கு

வழிகாட்டியின் முக்கால்வாசி இதுதான்.

உலோகப் பாத்திரத்தில் தொடங்குவோம். பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளீயம் நான்கும் வேறு வேறு விலை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு போனால் எல்லாமே பித்தளை விலைக்குப் போய்விடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், மஞ்சளாக இருக்கும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும், தட்டினால் மணி மாதிரி ரீங்காரம் நீளும், பித்தளையைவிட விலை அதிகம். உருளி, நிலவிளக்கு, கிண்டி என்கிற மூக்கு வைத்த சொம்பு எல்லாம் பெரும்பாலும் வெண்கலம். மலையாளத்தில் இதை "ஓடு" என்பார்கள், "ஓட்டுருளி" என்று கேட்டு வந்தால் குழம்ப வேண்டாம். பாலக்காட்டு அக்ரகார வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கும். அது சுத்த வெள்ளீயமாக இருந்தால் செம்பைவிட விலை கூடின உலோகம். அதைக் காயலானில் போட்டால் வயிற்றெரிச்சல்தான். ரசம் வைக்க அதையே தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உருளி, விளக்கு, பெரிய வார்ப்பு, கிண்டி, பழைய பூட்டு, வேலைப்பாடுள்ள தாம்பாளம், இவற்றை எடைக்கு விற்காதீர்கள். படம் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். ஹோம்ஸ்டே, ரிசார்ட், கல்யாண அலங்காரக்காரர், புது வீடு கட்டி வாசலில் பழைய பொருள் வைக்க ஆசைப்படுகிறவர்கள், இவர்கள்தான் வாசல். பழம்பொருள் வியாபாரிகளும் வருவார்கள். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற விலையை மனதில் வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசாதீர்கள், கடை வாடகையும் லாபமும் அவர்களுக்கு வேண்டும். ஒடுங்கிப்போன அண்டா, காது உடைந்த தவலை, ஓட்டை விழுந்த குடம், இவை எடைக்குத்தான். எங்கள் அண்டா இரண்டும் சேர்ந்து 5,600.

எடைக்குப் போடும்போது ஒரு தந்திரம். கடைக்குப் போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கொண்டுபோங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. "அண்ணா, இதை ஒருதரம் வைங்க" என்று தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிலோவுக்குக் குறைவாகக் காட்டினால் ஒன்றும் பேசாமல் அடுத்த கடை. தராசில் எடையளவுத் துறை முத்திரை இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் கையில் பிடிக்கிற கொக்கித் தராசு என்றால் இரண்டு மடங்கு கவனம். இரண்டு மாநிலத்திலும் விலை கேளுங்கள். ஒரே நாளில் கொழிஞ்சாம்பாறையில் ஆக்ரி என்கிற காயலான் கடையிலும் பொள்ளாச்சியிலும் போன் போட்டுக் கேட்டபோது, பித்தளைக்குக் கிலோவுக்கு நல்ல வித்தியாசம் இருந்தது. பஸ்ஸில் கொண்டுபோகிற எடை என்றால் லாபம், ஆட்டோ வைத்தால் சரிக்குச் சரி.

மோட்டார் வைத்திருக்கிறவர்கள், எரிந்துபோன மோனோபிளாக் பம்ப் மோட்டாரை இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் வைண்டிங் கடையில் காட்டுங்கள். உள்ளே செம்புக் கம்பியா, அலுமினியமா என்பதில்தான் விலை. நல்ல பாடி என்றால் உதிரிக்காகவே எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு 2,200 கிடைத்தது. செம்பு எடுக்கிறேன் என்று வயரைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை விஷம்.

மரச்சாமானில் தேக்கும் ஈட்டியும் தனிச்சாதி. பலா மரக் கட்டிலுக்கும் மதிப்பு உண்டு. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரி என்றால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகாணி பிடிக்காது. தேக்குக் கட்டிலைத் தச்சரிடம் காட்டி, "இதில் எவ்வளவு மரம் தேறும்" என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை சொல்லுங்கள். கட்டிலாக வாங்குகிறவர் 4,000 சொன்ன இடத்தில், மரத்தைப் பார்த்து ஒருவர் 9,000-க்கு எடுத்தார்.

ஃபிரிட்ஜ், கூலர், ஃபேன் இவற்றை மாசியிலேயே விளம்பரம் போடுங்கள். பாலக்காட்டு வெயில் உங்களுக்காக வியாபாரம் செய்யும். மார்ச், ஏப்ரலில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊர் இது. ஓடாத ஃபிரிட்ஜைக் காயலானில் போடாமல் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேளுங்கள், கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் அதற்கே விலை. இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியைப் புது பேட்டரி வாங்குகிற கடையில் கொடுத்துக் கழித்துக்கொள்வதுதான் வழி. அதை உடைத்துக் காரீயம் எடுக்க விடாதீர்கள்.

மேசை, சைக்கிள், பள்ளிப் பை, இவற்றுக்கு மே மாதம். ஜூனில் இரண்டு பக்கமும் பள்ளி திறக்கும். கல்யாணச் சாமானுக்கு ஆவணி, இங்கே சிங்கம் என்கிற மாதம். ஓணமும் அதை ஒட்டி வரும். ஆடியில், மலையாளத்தில் கர்க்கடகம், மழையும் பஞ்சமும் என்று யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். அந்த மாதம் துடைத்து வைக்கிற மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில், கதைப் புத்தகம் கிலோ கணக்குத்தான். நீட், கேரளா பி.எஸ்.சி. பயிற்சிப் புத்தகங்கள் மட்டும் பாதி விலைக்குக்கூடப் போகும், அதுவும் அந்த வருடத்துப் பதிப்பாக இருந்தால். பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று தெருவில் வருகிறவர்கள் புடவைக்காக வாங்குவதில்லை, ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காக. அசல் ஜரிகை வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசியது. அம்மா காலத்துக் கல்யாணப் பட்டாக இருந்தால், வாசலில் கொடுக்காமல் கடையில் உரசிப் பார்த்து விலை கேளுங்கள்.

தங்கத்தைப் பற்றிக் கொஞ்சம். அறுந்த சங்கிலி, ஒற்றைக் கம்மல், திருகு போன மூக்குத்தி எல்லா வீட்டிலும் ஒரு டப்பாவில் கிடக்கும். அவற்றைக் கூட்டி எடை போட்டால் ஆச்சரியமாக இருக்கும். கல், அரக்கு எடையைக் கழித்தபின் நிகர எடை, காரட் மீட்டரில் காட்டுகிற தூய்மை, அன்றைய விலை, இவை மூன்றையும் எழுதி வாங்குங்கள். 916 என்றால் 22 காரட். இரண்டு மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். அது நமக்கும் நல்லது, ஏனென்று பின்னால் சொல்கிறேன். அடகில் இருக்கிற நகையை மீட்கவே முடியாது என்று தெரிந்தால், ஏலம் வரை விடாமல், மீட்டு விற்க வழி பாருங்கள். ஏலத்தில் மிஞ்சுகிற பணம் உங்களுடையது என்றாலும், கடையில் பேசி விற்கிற விலை அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது.

வரி பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: நீங்கள் பயன்படுத்திய கட்டில், ஃபிரிட்ஜ், பாத்திரம் போன்றவற்றை விற்பதில் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை அந்த விலக்கில் வராது.

விளம்பரமும் விலையும்

படம் காலை வெளிச்சத்தில், வெளியே வைத்து எடுங்கள். பின்பக்கம், கீறல், துரு இருந்தால் அதற்கும் ஒரு படம். குறையை மறைத்தால் வாங்குகிறவர் நேரில் பார்த்ததும் அதைப் பிடித்துக்கொண்டு பாதி விலைக்கு இறக்கிவிடுவார். முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பிடி அவருக்குக் கிடைக்காது.

எல்லையில் இருக்கிறவர்கள் இரண்டு மொழியிலும் போட வேண்டும். நாம் பீரோ என்பதை அவர்கள் அலமார என்றுதான் தேடுவார்கள். நாற்காலி என்று போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள், அங்கே அது கசேர. கட்டில், தொட்டில், மிக்ஸி இரண்டுக்கும் பொது. மலையாளம் எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை. முதலில் தெருவிலும் குடும்பத்திலும் உள்ள வாட்ஸ்அப் குழுக்கள், அப்புறம் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ் என்று போனோம். எங்கள் சாமானில் பாதி வாட்ஸ்அப்பிலேயே தீர்ந்தது. "வீட்டுச் சாமானை வித்துத் திங்கிறாங்க" என்று ஊர் பேசுமே என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். பேசினார்கள்தான். பேசிய ஒரு வீட்டிலிருந்தே ஸ்டடி டேபிளுக்கு ஆள் வந்தது, 1,500 ரூபாய்.

விலை வைக்க நான் பின்பற்றிய கணக்கு: அதே பொருள் இன்று புதிதாக என்ன விலை என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அதில் பாதி. ஐந்து தாண்டினால் கால் பங்கு. மின்சாரச் சாமானுக்கு இது பொருந்தும், தேக்குக்கும் வெண்கலத்துக்கும் பொருந்தாது. மனதில் இரண்டு விலை வைத்துக்கொள்ளுங்கள், சொல்கிற விலை ஒன்று, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிற விலை ஒன்று. போனை எடுத்ததும் "சேச்சி, லாஸ்ட் எத்ரயா?", அதாவது அக்கா, கடைசி விலை எவ்வளவு என்பார்கள். அதற்குப் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். "வந்து பாருங்க, பேசிக்கலாம்" என்பதுதான் பதில். பார்க்க வண்டிச் செலவு செய்து வந்தவர் வெறுங்கையோடு போக விரும்ப மாட்டார்.

கொண்டுபோகிற செலவு யாருடையது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்கு வாடகை 1,200 என்றால் 4,500 ரூபாய் ஃபிரிட்ஜில் யாரோ ஒருவர் அழ வேண்டியிருக்கும். கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையாறு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோக, உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு தேவையில்லை. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் ஜிஎஸ்டியோடு போய்விட்டன. ஆனாலும் போலீஸ், கலால் சோதனை உண்டு. யார், யாருக்கு, என்ன பொருள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டால் வழியில் பேச்சு குறையும்.

ஏமாற்று வேலைகள்

பொருளைப் பார்க்காமலே, பேரமும் பேசாமல், "பணம் இப்பவே அனுப்பறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு வந்தவர் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒரு க்யூஆர் படம். "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்." பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. நான் தப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 8,000 ரூபாய் விட்டார். அப்படி நடந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குத் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

பணம் போட்டாச்சு என்று காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் வந்ததைப் பார்த்தபின்தான் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். பெண்கள் தனியாக இருக்கும்போது ஆளை வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம், பொருளைத் திண்ணையில் வைத்துக் காட்டுங்கள்.

போன் விற்கும்போது முதலில் யுபிஐ செயலிகளையும் கூகுள் கணக்கையும் நீக்கிவிட்டு, அப்புறம் முழுதாக அழியுங்கள். வரிசை மாறினால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாமல் போகலாம், திரும்ப உங்கள் வாசலில்தான் நிற்பார். சிம், மெமரி கார்டு எடுத்துவிட்டீர்களா என்று இரண்டுதரம் பாருங்கள். போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-யைக் குறித்துக்கொண்டு, வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள்.

வண்டி இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள்

ஓடாமல் நின்ற எங்கள் ஸ்கூட்டர்தான் பெரிய தொகை, 14,500. கே.எல். 09, அதாவது பாலக்காட்டுப் பதிவு. வாங்கியவர் பொள்ளாச்சிக்காரர். "பேரை அப்புறம் மாத்திக்கலாமுங்க" என்றார். அந்த "அப்புறம்" ஆபத்தானது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றாச்சு, பணம் வாங்கியாச்சு என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரே மாநிலத்துக்குள் என்றால் பெயர் மாற்றப் படிவம் 29, 30. விற்ற 14 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறப்போகிறது என்றால் அதோடு படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் வேண்டும், அதற்கு 45 நாள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் படிவம் 35 வாங்கி, அடமானக் குறிப்பை எடுத்தபின்தான் எதுவும் நகரும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கலாம். பாக்கி அபராதம் இருந்தால் அதைக் கட்டாமல் சான்று வராது, எங்களுக்கு ஹெல்மெட் அபராதம் ஒன்று அங்கேதான் முளைத்தது. நாங்கள் 10,000 வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தோம். மீதி 4,500 பெயர் மாறியபின். பொள்ளாச்சிக்காரர் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். சாவி கொடுத்த தேதியும் நேரமும் போட்டு இருவரும் கையெழுத்திட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணம் வந்த அன்றே

நான்கு மாதத்தில் எங்களுக்கு வந்தது: ஸ்கூட்டர் 14,500, கட்டில் 9,000, உருளி 7,000, அண்டாக்கள் 5,600, இரண்டாவது ஃபிரிட்ஜ் 4,500, பழைய போன் 3,200, மோட்டார் 2,200, பிள்ளையின் சைக்கிள் 1,800, மேசை 1,500, பேப்பரும் இரும்பும் 1,350. கூட்டினால் 50,650.

முதலில் வந்த 1,350 ரூபாய் எங்கே போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் கேட்டதால் அன்று ராத்திரி பரோட்டா, மறுநாள் ரீசார்ஜ், மூன்றாம் நாள் ஒரு ரூபாய் மிச்சமில்லை. அதற்கப்புறம் ஒரு விதி வைத்தோம். வாங்குகிறவர் கொடுக்கும் பணம் கையில் வாங்குவதில்லை. அதிகம் எடுக்காத ஒரு பழைய வங்கிக் கணக்குக்கு நேராகப் போட வைத்தோம். அன்று சாயங்காலத்துக்குள் அங்கிருந்து கார்டுக்கு. 1,800 என்றாலும் அன்றே. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே அடைத்து முடியும்வரை கார்டை அத்தையின் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். சாவி அவர் முந்தானையில். அந்த 1,350-ஐ ஓவர்டைம் பணத்திலிருந்து திரும்ப வைத்தோம்.

மாத வட்டிகளைச் சம்பளத்திலிருந்தே கட்டினோம், விற்ற பணம் அசலுக்கு மட்டும். 38,000 கார்டில் முடிந்தது. முடிந்ததும் பாக்கி இல்லை என்கிற கடிதம் எழுதி வாங்குங்கள், வாயால் சொல்வது போதாது. மீதி 12,650 கைக்கடன் அசலில். தனியாரிடம் வாங்கிய கடனில் இங்கே ஒரு சிக்கல் வரும். சிலர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க மாட்டார்கள், வட்டி வந்துகொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. முன்கூட்டியே பேசுங்கள். எங்களிடம் வாங்கினார். வாங்கியதும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு, இவ்வளவு வரவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடைசித் தவணை கட்டுகிற அன்று புரோநோட்டையும் வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கிவிட வேண்டும், நாளைக்குத் தருகிறேன் என்றால் பணமும் நாளைக்குத்தான்.

இப்போது கைக்கடன் 47,350. மாத வட்டி 1,420. கார்டு வட்டி போனதையும் சேர்த்தால் மாதம் சுமார் 1,950 ரூபாய் கையில் நிற்கிறது. அதையும் வேறு எதற்கும் தொடாமல் அதே கைக்கடன் அசலுக்கே அனுப்புகிறோம்.

விற்காமல் மிஞ்சியது

இரண்டு மாதம் விளம்பரம் போட்டும் போகாத பொருளைத் திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள், ஏற்றினால் மறுபடி சாமானாகிவிடும். துணியைக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் கழிவை, இங்கே பஞ்சாயத்துக்காக வீடுவீடாகக் கழிவு எடுக்கிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து எடுத்துக்கொள்வார்கள். உடைந்த டிவி, சார்ஜர் போன்ற மின்கழிவை எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் கேட்டு அன்று கொடுங்கள், குப்பையோடு போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஆட்டுக்கல். தோட்டத்தில் அலங்காரமாக வைக்கிறேன் என்று மூன்று பேர் ஆசையாக வந்தார்கள். மூன்று பேரும் ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு, "நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேனுங்க" என்று போனவர்கள்தான். 800 ரூபாய்க்கு இன்னும் கொல்லையில் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு 500.